சத்தம் நின்றால் வரலாம்

திருக்காட்டுப்பள்ளி
12.1.2025

அன்புத் தம்பி சமீருக்கு லாத்தா ஆயிஷா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் அஃப்ரீனும் அல்லாஹ்வின் காவலில் நலமாக இருப்பீர்கள். உம்மாவின் முழங்காலுக்கு அந்தத் தைலம் கேட்கிறதா? இங்கே சம்பாக் கதிர் தலை சாய்ந்துவிட்டது. பனி கடுமை.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன், அது உன் மச்சானுடையது. மரம் அறுக்கும் மிஷினோடு இத்தனை வருடம் கழித்ததில் அவருக்குக் காது மந்தம். யார் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்க வைப்பார். நான் சொல்லப்போவதை அவர் கேட்கக் கூடாது. தபால்காரர் நண்பகலில் வருகிறார். அந்நேரம் உன் மச்சான் எங்காவது மரத்தின் மேல் இருப்பார், பயமில்லை.

விஷயம் அவருடைய கை. ஃபஜ்ர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யும்போது பார்த்தேன். வலது கை விரல்கள் நுனியிலிருந்து பாதிவரை சுண்ணாம்பு தடவினாற்போல் வெளுத்துக் கிடந்தன. அதற்கு இரண்டு நாள் முன்பு, குளிக்கக் கொதிக்க வைத்த நீரில் நான் விளாவுவதற்குள் கையை விட்டார். எடுக்கவேயில்லை. "என்னங்க, சுடலையா?" என்று நான் கேட்ட பிறகுதான் எடுத்தார். பனிக்கு அப்படித்தான் மரத்துப்போகும் என்றார். தஸ்பீஹ் ஓதும்போது மணியைக் கண்ணால் பார்த்துத்தான் தள்ளுகிறார். சட்டைப் பட்டன் போடக் கால் மணி நேரம் ஆகிறது.  எல்லாச் சட்டையிலும் பட்டனைப் பிரித்துவிட்டு, அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் டிச் பட்டன் தைத்துவிட்டேன். நூல் தேயாது என்று காரணம் சொன்னேன். அவரும் சரி என்றுவிட்டார்.

பனிதான் என்றால் தினமும் ஒரே பனிதானே? பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே குறித்து வந்தேன். பெட்ரோல் மிஷின் அதிகம் ஓடிய நாளுக்கு மறுநாள் வெளுப்பு கூடுகிறது. வெள்ளிக்கிழமை ஓய்வுக்கு மறுநாள் குறைகிறது. அந்த மிஷினின் அதிர்வுதான் விரலைத் தின்கிறது.

இந்தக் கையோடுதான் அவர் மேலே ஏறி மிஷினைப் பிடிக்கிறார். கீழே அவருடைய கூட்டாளி அமிர்தலிங்கம் அண்ணன் கயிறு பிடிக்கிறார். என்றைக்காவது பிடி நழுவினால் என்ன ஆகும் என்று எழுதக்கூட எனக்கு மனம் வரவில்லை. பேட்டரியில் ஓடும் மிஷின் வந்திருக்கிறதாம், அவ்வளவு அதிராதாம். உன் வாடகைக் கடையில் உண்டா? நான் கேட்டேன் என்று மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம்.

துஆவுடன்,
ஆயிஷா


நாகூர்
25.1.2025

அன்பு லாத்தாவுக்கு சமீரின் ஸலாம். உம்மா தைலத்தைவிட உங்கள் கடிதத்தில் சுகமாகிவிட்டார்கள். இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்கள். மச்சான் கை பற்றிய பகுதியை விட்டுவிட்டுத்தான் வாசித்தேன்.

உங்கள் கணக்கு சரி. மிஷின் வாடகைக்கு எடுக்கிற இன்னும் சிலரிடம் இதே வெளுப்பைப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கும் அதை ஒத்துக்கொள்ள வாய் வராது.

உள்ளதைச் சொல்கிறேன். பெட்ரோல் மிஷினுக்குள்ள வெறி பேட்டரிக்குக் கிடையாது. அடிமரத்தை, அதிலும் புளிய மரத்தை, அதனிடம் கொடுத்தால் சூடேறி நின்றுவிடும். மாற்று பேட்டரி கையில் வேண்டும். கரண்ட் இல்லாத ஊரில் சார்ஜுக்கு அலைய வேண்டும். அடைமழையில் நான் வாடகைக்கே கொடுப்பதில்லை. ஆனால் மேலே ஏறிக் கிளை கழிக்கிற வேலைக்கு அதுதான் நல்லது. எடை குறைவு, புகை இல்லை, எண்ணெய் கலக்கும் வேலை இல்லை, மேலே தொங்கிக்கொண்டு கயிற்றை இழுத்து இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டாம். அதிர்வு நிச்சயம் குறைவு, அடியோடு இல்லை என்று சொல்லமாட்டேன். எல்லாவற்றையும்விட, சத்தம் கிடையாது. அறுக்கும்போது சின்ன இரைச்சல், அவ்வளவுதான். விரலை எடுத்தால் அந்த நொடியே செத்தாற்போல் நின்றுவிடும். பெட்ரோல் மிஷின் மாதிரி சும்மா இருக்கும்போதும் உறுமிக்கொண்டிருக்காது. மச்சானின் மிச்சக் காதாவது பிழைக்கும்.

கம்பெனிக்காரர்கள் ஒன்று கொடுத்திருக்கிறார்கள், நல்ல வேலைக்காரர் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்ல வேண்டுமாம் என்று மச்சானிடம் சொல்லப்போகிறேன். குறை சொல்வதென்றால் அவர் மறுக்கமாட்டார். "ஷேவிங் செட்டு" என்று பெயர் வைக்காவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

உங்கள் தம்பி,
சமீர்


திருக்காட்டுப்பள்ளி
20.3.2025

அன்புத் தம்பிக்கு, ரமலானின் பரக்கத் உன் வீட்டிலும் கடையிலும் நிறையட்டும். உம்மா நோன்பு பிடிக்கிறார்களா? மருந்து சாப்பிடுகிறவர்கள் விடலாம் என்று எடுத்துச் சொல். கேட்கமாட்டார்கள், இருந்தாலும் சொல்.

நீ பெயரை மாற்ற வேண்டியதில்லை. ஷேவிங் செட்டு என்றுதான் சொன்னார். "உன் தம்பி ஒரு ஸ்பானரைக்கூட ஓசியில குடுக்க மாட்டானே, இவ்வளவு பெரிய மனசு எப்ப வந்துச்சு?" என்றும் கேட்டார். நான் கஞ்சி கிண்டுகிற மும்முரத்தில் இருப்பதுபோல் இருந்துவிட்டேன். முதல் நாள் அமிர்தலிங்கம் அண்ணன் கீழேயிருந்து, "பாய், இது மரத்த அறுக்குதா, இல்ல மரத்துக்கிட்ட ரகசியம் பேசுதா?" என்று கேலி செய்தாராம். இப்போது பழகிவிட்டது. மேலே கிளைக்கெல்லாம் பேட்டரி, அடிமரத்துக்கு மட்டும் பெட்ரோல். நோன்போடு வேலை செய்கிறவருக்குப் புகை இல்லாதது பெரிய ஆறுதல். வீட்டுக்கு வந்த பிறகும் காதில் மிஷின் ஓடுகிறது என்று சொல்வாரே, அதுவும் குறைந்திருக்கிறது. அந்த அமைதிக்காக இரண்டு ரக்அத் நன்றித் தொழுகை தொழுதேன். விரல் வெளுப்பு இன்னும் இருக்கிறது. வெயில் வந்துவிட்டதால் கண்ணுக்குக் குறைவாகத் தெரிகிறதோ என்னவோ, நம்பிச் சொல்ல முடியவில்லை.

இங்கே நடந்த ஒரு கூத்து. பள்ளிவாசலை ஒட்டிய வீட்டில் பெண்களுக்குத் தராவீஹ் இரவுத் தொழுகை. சுவருக்கு அந்தப் பக்கம் இமாம், இந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு ஸ்பீக்கர். நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தாவில் இருக்கும்போது கரண்ட் போய் ஸ்பீக்கர் செத்துவிட்டது. ஒரு சத்தமும் இல்லை. இமாம் எழுந்துவிட்டார் போலிருக்கிறது என்று பாதிப் பேர் எழுந்துவிட்டோம், பாதிப் பேர் தரையிலேயே. எழுந்தவர்கள் குனிய, குனிந்தவர்கள் எழ, யார் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்துத் தொழுகையை முறித்துக்கொண்டார்கள். மறுநாள் முதல் இடைவாசலில் ஒருவர் நின்று, இமாம் சொல்லும் 'அல்லாஹு அக்பர்' என்ற தக்பீரை உரக்க எடுத்துச் சொல்கிறார். அதைக் கேட்டால் மட்டுமே அசைகிறோம்.

பெருநாளைக்கு வர முடிந்தால் வா.

துஆவுடன்,
ஆயிஷா


திருக்காட்டுப்பள்ளி
2.6.2025

தம்பி சமீருக்கு, ஸலாம். நலமா? பெருநாளுக்குப் பிறகு எழுத முடியவில்லை. இங்கே வெயிலும் வேலையும்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். விரலை எடுத்த பிறகும் ஏதாவது சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கும்படி அந்த மிஷினில் ஒரு ஏற்பாடு செய்ய முடியுமா? மணி மாதிரி, விசில் மாதிரி, எதுவானாலும்.

உம்மா குளியலறையில் விழுந்து காறை எலும்பு முறிந்தபோது, கையைத் தூக்க எத்தனை மாதம் ஆயிற்று? பக்கத்தில் ஒருவருக்குத் தேவைப்படுகிறது.

உன் மச்சான் நலம். நான் நலம்.

ஆயிஷா


நாகூர்
10.6.2025

லாத்தாவுக்கு ஸலாம். பக்ரீதுக்கு மச்சானுக்குப் போன் செய்தேன். ஸ்பீக்கரில் வாழ்த்துச் சொன்னார், குர்பானி பற்றிப் பேசினார், மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குறை சொல்வதற்கென்றே கொடுத்த மிஷினைப் பற்றி அவர் குறை சொல்லவில்லை என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது.

உம்மாவுக்கு மூன்று மாதம் ஆயிற்று. வயது குறைந்தவர் என்றால் சீக்கிரம் கூடும். நீங்கள் கேட்கிற மாதிரி சத்தம் எதுவும் அந்த மிஷினில் வைக்க முடியாது. யாருக்கு முறிந்தது, லாத்தா? பக்கத்தில் ஒருவர் என்றால் எந்த ஒருவர்? பதில் வராவிட்டால் கடையை அஃப்ரீனிடம் விட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவேன்.

சமீர்


திருக்காட்டுப்பள்ளி
22.6.2025

அன்புத் தம்பிக்கு, அல்லாஹ் உனக்கு மன அமைதியைத் தருவானாக. நீ வர வேண்டாம். நானே எழுதிவிடுகிறேன்.

அடிபட்டது அமிர்தலிங்கம் அண்ணன். மே மாதக் கடைசியில், வாய்க்கால் கரையில் ஒரு நாவல் மரம். உன் மச்சான் மேலே பேட்டரி மிஷினோடு இருந்தார். பெருங்கிளை ஒன்றைப் பாதி அறுத்தாயிற்று. மிஷின் நின்றது. கீழே கிடந்த கழிவை இழுத்துப்போட அண்ணன் மரத்தடிக்கு உள்ளே வந்தார். அறுபட்ட கிளை தன் பாரத்திலேயே பிளந்து இறங்கிவிட்டது. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் தலை. காறை எலும்பும் தோளும் போயின. தஞ்சாவூரில் கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

கஞ்சி எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். அவர் மனைவி பிரகதாம்பாள் என்னை உட்காரச் சொல்லவில்லை. கஞ்சியை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்க வீட்டு மிஷின் இரையிற வரைக்கும் இவரு கிட்டக்க போகமாட்டாரு. நின்னா வரலாம்னு அர்த்தம். அவங்களுக்குள்ள வேற பேச்சே கெடையாது. எங்க கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே அப்படித்தான். அன்னைக்கும் நின்னுச்சு. வந்தாரு. அவரு என்ன தப்புப் பண்ணாரு சொல்லுங்க."

அவர் சொன்னது உண்மை. பெட்ரோல் மிஷினை உன் மச்சான் இடையில் அணைப்பதில்லை. ஒரு கிளைக்கும் இன்னொரு கிளைக்கும் நடுவில் அது உறுமிக்கொண்டே இருக்கும். எல்லாம் முடிந்து கீழே ஆள் வரலாம் என்றால்தான் அணைப்பார். அந்த உறுமல்தான் அண்ணனுக்குக் காவலாக இருந்திருக்கிறது. நீ அதைக் குறை என்றாய். அது போனதற்கு நான் நன்றித் தொழுகை தொழுதேன். நாம் சேர்ந்து அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டோம் தம்பி. அது அங்கே என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

உன் மச்சான் பேட்டரி மிஷினைச் சாக்கில் கட்டிவிட்டார். இனி பெட்ரோல்தான் என்கிறார். யார் கேட்டாலும், "ஊமை மிஷின் ஆளக் கொல்லப் பாத்துச்சு" என்கிறார். 

இதில் இன்னொன்று. ஆற்றோரப் பள்ளிக்கூடத்துத் தூங்குமூஞ்சி மரம் கோடைக் காற்றில் பிளந்து, பெருங்கொப்பு சத்துணவுக் கூடத்தின் மேல் தொங்குகிறது. சமையலை வராந்தாவுக்கு மாற்றியிருக்கிறார்கள். காலாண்டு விடுமுறையில், மழைக்கு முன் இறக்கித் தருவதாக உன் மச்சான் வாக்குக் கொடுத்துவிட்டார். அவ்வளவு உயரம், பெட்ரோல் மிஷின், அந்தக் கை. நான் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறேன். இம்முறை அமிர்தலிங்கம் அண்ணன்கூட கீழே இல்லை.

துஆச் செய்.
ஆயிஷா


திருக்காட்டுப்பள்ளி
5.7.2025

மாப்பிள்ளை சமீருக்கு மச்சான் உபைதுல்லா எழுதிக்கொள்வது. ஸலாம். மாமி சுகமா? எழுத்து கோணலாக இருக்கும், பேனா விரலுக்குள் நிற்கமாட்டேன் என்கிறது. பார்த்து வாசித்துக்கொள்.

உன் மிஷினை பஸ்ஸில் போட்டுவிட்டேன், இது அந்தச் சாக்குக்குள்ளேயே இருக்கும். கம்பெனிக்காரன் குறை கேட்டான் என்றாயே. மிஷின்மேல் குறை இல்லை. கம்பெனிக்காரனே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். உன் லாத்தா என் சட்டையில் பட்டனை மாற்றினாளே, அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு நீ ஓசியில் மிஷின் அனுப்புகிறாய். எனக்குக் காதுதான் மந்தம்.

ஒருவரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். அன்றைக்கு நான் மிஷினை நிறுத்தவில்லை. கிளையைப் பாதியில் விட்டு எவனாவது நிறுத்துவானா? விசையிலிருந்து விரல் தானாக வந்துவிட்டது. வந்ததுகூட எனக்குத் தெரியவில்லை, அழுத்திக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்தேன். பேட்டரி தீர்ந்துபோச்சோ என்று மிஷினைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அமிர்தம் உள்ளே வந்துவிட்டான். கீழே பார்க்க வேண்டியவன் நான் மிஷினைப் பார்த்தேன்.

ஊரே ஊமை மிஷின் என்றது. நானும் அதையே பிடித்துக்கொண்டேன். அமிர்தமும் படுக்கையில் கிடந்து அந்த மிஷினைத்தான் திட்டுகிறான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வருகிறேன். இப்போது பேட்டரியைத் தொட்டால், அப்போ மிஷின்மேல் தப்பு இல்லையா என்று கேட்பான். அதனால்தான் பெட்ரோல்.

பள்ளிக்கூட மரத்தை முடித்துவிட்டுக் கையைக் காட்டுகிறேன். அதுவரை உன் லாத்தாவுக்கு இது தெரிய வேண்டாம்.

உபைதுல்லா


நாகூர்
14.7.2025

அன்பு மச்சானுக்கு ஸலாம். உம்மா சுகம், உங்களை விசாரித்தார்கள்.

மிஷினை உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். வீட்டுக்கு அல்ல, நீங்கள் சாமான் வைக்கும் மரவாடிக்கு. இந்தக் கடிதமும் பெட்டிக்குள்தான். பெட்ரோல் மிஷினில் விரல் நழுவினால் சத்தம் நிற்காது, உண்மை. ஆனால் நழுவுகிற கை கயிற்றிலிருந்தும் நழுவும். பள்ளிக்கூட மரத்தில் நீங்கள் ஏறக் கூடாது. வயதில் சின்னவன் சொல்கிறேன் என்று பார்க்காதீர்கள்.

உங்கள் பேச்சைக் காப்பாற்றுவேன். லாத்தாவிடம் சொல்லமாட்டேன். ஆனால் அவர்களிடம் எனக்குப் பொய் எழுத வராது. உங்கள் கை எப்படி இருக்கிறது என்று தெரியாதவன்போல் இனி நான் கேட்கமாட்டேன். கேட்காததை லாத்தா கவனிப்பார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.

சமீர்


நாகூர்
20.8.2025

அன்பு லாத்தாவுக்கு ஸலாம். இங்கே அனைவரும் நலம். உம்மா இப்போது கடைத்தெருவரை நடக்கிறார்கள். நாகூரில் இரண்டு நாள் நல்ல மழை. அஃப்ரீன் உங்களுக்கு இறால் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். அமிர்தலிங்கம் அண்ணன் தேறி வருகிறாரா? என் ஸலாமைச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
சமீர்


திருக்காட்டுப்பள்ளி
8.9.2025

தம்பி சமீருக்கு, ஸலாம். இறைவன் அருளால் நலம். குறுவை அறுப்பு நடக்கிறது. ரோடெல்லாம் நெல் காய்கிறது.

உன் கடிதம் கிடைத்தது. திரும்பத் திரும்ப வாசித்தேன். உம்மா இருக்கிறார்கள், மழை இருக்கிறது, ஊறுகாய் இருக்கிறது. உன் மச்சானின் கை இல்லை. போனில் பேசும்போதுகூட "மச்சான் கை எப்படி" என்று கேட்க முடியாமல் "மச்சான் மிஷின் எப்படி" என்று சுற்றி வளைத்துக் கேட்டவன் நீ. இப்போது எழுத்திலேயே விட்டுவிட்டாய். உனக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. யாரோ உன் வாயைக் கட்டியிருக்கிறார். யாரென்று நான் கேட்கப்போவதில்லை. நீ சொல்லவும் வேண்டாம். வாக்குக் கொடுத்திருந்தால் காப்பாற்று.

அமிர்தலிங்கம் அண்ணனுக்குக் கட்டைப் பிரித்துவிட்டார்கள். கை தோளுக்கு மேல் போகவில்லை. நேற்று போனபோது பிரகதாம்பாள் உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார். ரமலானில் கரண்ட் போனபோது நாங்கள் எழுந்து குனிந்த கூத்தை இருவரிடமும் சொன்னேன். இமாம் சத்தமாக ஓதாத தொழுகைகளும் உண்டு அண்ணே, லுஹரும் அஸரும் முழு அமைதிதான், ஆனாலும் எழ வேண்டிய இடத்தில், குனிய வேண்டிய இடத்தில் தக்பீரை மட்டும் வாய்விட்டுச் சொல்வார், அமைதியை வைத்து நாங்கள் எதையும் ஊகிக்கக் கூடாது, சொன்னால்தான் அசைய வேண்டும் என்றேன். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "நாங்க சத்தம் நின்னா வரலாம்னு வெச்சிருந்தோம். சொன்னா வரலாம்னு வெச்சிருக்கணும்," என்றார். "பாய்கிட்ட நான் சொல்றேன். எம் மருமவன் செம்மொழி கும்பகோணத்துல இந்த பேட்டரி மிஷின்லதான் மரம் ஏறுறான். அவனையும் கூட்டியாறேன்."

சரி அண்ணே என்றேன். ஆனால் கீழே நிற்பவர் காதுக்கு வழி கிடைத்துவிட்டது, மேலே ஏறுகிறவர் கைக்கு? அதை அண்ணனிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சொல்ல வேண்டியவர் வேறு.

மாதக் கடைசி ஞாயிறு காலை மரம். உன் மச்சான் பெட்ரோல் மிஷினுக்குப் புதுச் செயின் போட்டுவிட்டார்.

ஆயிஷா


திருக்காட்டுப்பள்ளி
6.10.2025

அன்புத் தம்பிக்கு, எல்லாப் புகழும் இறைவனுக்கே என்று தொடங்குகிறேன். இதைப் படித்ததும் உன் மூச்சு சீராகும். உம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டலாம், எதையும் விட வேண்டாம்.

அண்ணன் வந்து பேசியும், தானே பெட்ரோல் மிஷினோடு ஏறுவேன் என்றுதான் உன் மச்சான் இருந்தார். சனிக்கிழமை பகலில் அவருடைய வேலைச் சட்டையை எடுத்தேன். டிச் பட்டன் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, டப்பாவில் போட்டு வைத்திருந்த பழைய பட்டன்களையே தைத்தேன். பட்டன் நுழையும் காஜாக்களை நான் அன்றைக்கு அடைத்துத் தைக்கவில்லை, அப்படியே இருந்தன. இழுத்துவிட்டால் கழன்றுவிடாதபடி ஒவ்வொன்றுக்கும் இரட்டை நூல் போட்டேன். மடித்து அவர் எடுக்கும் இடத்திலேயே வைத்தேன்.

ஞாயிறு ஃபஜ்ர் முடிந்து நான் அடுக்களையில் இருந்தேன். உள்ளறையில் அவர் சட்டை போடுகிற அரவம். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தேநீர் ஆறுகிறது. வாசலில் அமிர்தலிங்கம் அண்ணனும் செம்மொழியும் ஏறி வந்த ஆட்டோ நின்றாயிற்று. அவர் வேறு சட்டை எடுத்திருக்கலாம். பனியனோடு போயிருக்கலாம். அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், திரும்பவில்லை. 

அவர் வந்து என் முன்னால் நின்றார். சட்டை திறந்திருந்தது. "போட்டு விடு," என்றார்.

மேல் பட்டனிலிருந்து தொடங்கினேன். நடுவில் வந்தபோது சொன்னார். "அன்னைக்கு நான் வெரல எடுக்கல ஆயிஷா. அதுவா வந்துருச்சு. எனக்கே தெரியல."

நான் மிச்சப் பட்டன்களைப் போட்டு முடித்தேன். உனக்குத் தெரிந்திருந்தது இதுதான் என்று அப்போது விளங்கியது. "அண்ணன் வாசல்ல நிக்கிறாரு. எங்கிட்ட சொன்னத அவர்கிட்ட சொல்லுங்க," என்றேன்.

போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவருக்குத்தான் மெதுவாகப் பேச வராதே, ஆட்டோவில் இருந்த செம்மொழிக்கும் கேட்டிருக்கும்.  அந்த நேரத்தில் நான் எத்தனை ஸலவாத் ஓதினேன் என்று எனக்கே தெரியாது. பிறகு அண்ணன், "அப்ப இத்தன மாசமா ஒரு பாவமும் அறியாத மிஷினத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன். பக்கத்துல உக்காந்து தலைய வேற ஆட்டுனீங்களே பாய்," என்றார். குரலில் சிரிப்பு இல்லை. தன் தோளைத் தடவிக்கொண்டார். "மேல நீங்க ஏறப்படாது. கயித்தப் புடிங்க. அதுக்கு வெரல் வேணாம், மரத்துல சுத்தி விட்டு ஒடம்பக் குடுத்தா போதும். ஒங்களுக்குக் காது இல்ல, எனக்குக் கை இல்ல. நான் நாற்காலி போட்டு உக்காந்து கேக்குறேன். செம்மொழி சொன்னா நான் கையத் தூக்குவேன். நீங்க என் கைய மட்டும் பாருங்க."

மரவாடியிலிருந்து பேட்டரி மிஷினை அவரே போய் எடுத்து வந்தார். அது ஊரில்தான் இருந்தது என்பதையே நான் அப்போதுதான் அறிந்தேன். இரண்டு பேரும் என்னை நன்றாகத்தான் இருட்டில் வைத்திருந்தீர்கள்.

பிரகதாம்பாளும் நானும் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே நின்றோம். செம்மொழி ஏறினான். சின்னக் கிளைகள் முதலில் இறங்கின. ஒவ்வொன்றும் விழுந்த பிறகு மேலிருந்து "வரலாம்" என்று ஒரு குரல், நாற்காலியில் அண்ணனின் நல்ல கை உயரும், அதன் பிறகே உன் மச்சான் கால் எடுத்து வைப்பார். பிறகு அந்தப் பெருங்கொப்பு. பாதி அறுக்கும்போது மிஷின் நின்றுவிட்டது. பேட்டரி மாற்றுகிறான் என்று பின்னால் தெரிந்தது, எங்களுக்கு அப்போது தெரியாது. இலைகூட அசையாத அமைதி. கொப்பு எங்கோ உள்ளே மெல்ல முறிகிற சத்தம் மட்டும் கேட்டது. பிரகதாம்பாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணனின் கை மடியிலேயே இருந்தது. உன் மச்சானின் கண் அந்தக் கையிலேயே இருந்தது. மிஷின் நின்றால் உள்ளே போய்ப் பழகிய அண்ணனின் கால்களும், மிஷினை நிறுத்தி ஆளை வரவழைத்துப் பழகிய உன் மச்சானின் கையும், அசையவே இல்லை. மறுபடி இரைச்சல் தொடங்கியது. கொப்பு விலகி, கயிற்றில் தொங்கி, கூடத்து ஓட்டைத் தொடாமல் இறங்கித் தரையில் படுத்தது. அப்போதும் யாரும் போகவில்லை.

"வரலாம்" என்று குரல் வந்தது. அண்ணன் கையைத் தூக்கினார்.

பிளந்து நின்ற அடிமரத்தை மறுநாள் பெட்ரோல் மிஷினில் செம்மொழிதான் அறுத்தான். நீ சொன்னது சரி, அதற்குப் பேட்டரி ஆகாது. வியாழக்கிழமை தஞ்சாவூரில் கையைக் காட்டினோம். அதிர்கிற எதையும் தொடக் கூடாது, போன உணர்ச்சி கொஞ்சம் திரும்பலாம், முழுவதும் என்று வாக்குத் தரமாட்டேன் என்றார் டாக்டர். பள்ளிக்கூடம் இன்று திறந்துவிட்டது. மறுபடி கூடத்திலேயே சமைக்கிறார்கள்.

அஃப்ரீனின் ஊறுகாயை நீயே எடுத்துக்கொண்டு வா. உம்மாவுக்கு என் ஸலாம்.

துஆவுடன்,
லாத்தா ஆயிஷா

அவருடைய மற்றச் சட்டைகளிலும் டிச் பட்டனைப் பிரித்துவிட்டேன். அவரே சொல்லித்தான். காலையில் நான் போட்டுவிடுகிறேன்.